ஆபிரகாம் லிங்கனையும் அமெரிக்க உள்நாட்டுப் போரையும் மாணவர்களுக்குக் கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்காகவும், அமெரிக்கப் பள்ளிகளில் இந்தப் பாடத்தைப் படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழில் விளக்க விரும்பும் பெற்றோருக்காகவும் இந்தக் கேள்வி-பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இவை அனைத்துக்கும் அடிப்படையான கருத்து ஒன்று உண்டு. லிங்கன் சொன்னதையும் செய்ததையும் தேதி வரிசையில் வைத்து வாசித்தால், அவர் மாறிக்கொண்டே வந்தவர் என்பது தெரியும்; அவரை மாறச் செய்தவர்கள் யார் என்பதும் தெரியும். இந்த இரண்டாவது பகுதியையே நம் வகுப்பறைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

பாடத்தை எங்கிருந்து தொடங்குவது நல்லது? லிங்கனின் இளமைப் பருவத்திலிருந்தா?

கென்டக்கியின் மரக்குடிலில் 1809 பிப்ரவரி 12 அன்று பிறந்த ஏழைச் சிறுவனின் கதை மாணவர்களை ஈர்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கிருந்து தொடங்கினால் பாடம் முழுவதும் ஒரு தனிமனிதரின் முன்னேற்றக் கதையாகிவிடுகிறது. போரும் அடிமை முறையும் அந்தக் கதையின் பின்னணியாகச் சுருங்கிவிடுகின்றன. 1860ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன். அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 14 லட்சம். அவர்களில் 39 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள், அதாவது எட்டில் ஒருவர். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகளாகவே இருந்தனர். நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் ஈட்டித் தந்த பருத்தி பெரும்பாலும் இவர்கள் கைகளால் பறிக்கப்பட்டது. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, "இவர்களை விலைக்கு வாங்கி விற்றவர்கள் இந்த முறையைத் தாமாகவே கைவிட்டிருப்பார்களா?" என்று கேளுங்கள். பாடம் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

அதன் பிறகு ஒரு வரைபடம் வேண்டும். மேற்கே விரிந்துகொண்டிருந்த புதிய நிலப்பரப்புகளில் அடிமை முறையை அனுமதிப்பதா, தடுப்பதா என்பதே நாற்பதாண்டுக் காலச் சண்டை. 1820ஆம் ஆண்டின் மிசௌரி உடன்பாடு, 1850ஆம் ஆண்டின் உடன்பாடு, 1854ஆம் ஆண்டின் கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று கூறிய 1857ஆம் ஆண்டின் டிரெட் ஸ்காட் தீர்ப்பு ஆகிய நான்கும் அந்த வரைபடத்தின் மேல் வைத்து விளக்கப்பட வேண்டியவை. ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் எல்லைக்கோடு எப்படி நகர்ந்தது என்பதை மாணவர் சொல்ல முடிந்தால் போதும்.

போருக்குக் காரணம் அடிமை முறையா, மாநில உரிமையா? இரண்டு பதில்களும் புத்தகங்களில் இருக்கின்றனவே?

இந்தக் கேள்விக்கு நடுநிலை என்ற பெயரில் "இரண்டும்தான்" என்று பதில் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. நாட்டிலிருந்து பிரிந்து சென்ற தென் மாநிலங்கள் தாங்கள் பிரிந்ததற்கான காரணத்தைத் தாங்களே எழுதி வைத்திருக்கின்றன. மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கை, தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாக ஒன்றியது என்றும், அதுவே உலகின் மிகப் பெரிய பொருளியல் நலன் என்றும் தொடக்கத்திலேயே கூறுகிறது. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென்கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் ஆற்றிய உரையில், கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்லர், அடிமை நிலையே அவர்களின் இயல்பான நிலை என்பதுதான் தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாக அறிவித்தார். அந்தக் கூட்டமைப்பின் அரசியலமைப்போ, அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் இயற்றப்படக் கூடாது என்று எழுதி வைத்தது.

மாநில உரிமை என்ற வாதத்தையும் மாணவர்களே சோதித்துப் பார்க்கலாம். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வட மாநிலங்கள் மறுக்கின்றன என்பதும், தங்கள் எல்லைக்குள் அடிமைகளைக் கூட்டிச் செல்லக்கூட நியூயார்க் அனுமதிப்பதில்லை என்பதும் தென் கரோலினாவின் அறிக்கையில் உள்ள முக்கியக் குற்றச்சாட்டுகள். அதாவது, வட மாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியதே தென் கரோலினாவின் குறை. இந்த முரண்பாட்டை ஆசிரியர் சொல்லிவிடாமல், அறிக்கையின் அந்தப் பத்தியைக் கொடுத்து மாணவர்களைக் கண்டுபிடிக்க விட வேண்டும். சுங்க வரியே காரணம் என்ற வாதத்துக்கும் நாட்காட்டியே பதில் சொல்லும்: வரியை உயர்த்திய மோரில் சட்டம் 1861 மார்ச் மாதத்தில்தான் நிறைவேறியது, அதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன.

அப்படியானால் இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது? தோற்ற தரப்பினர் போருக்குப் பிறகு தங்கள் போராட்டத்துக்குக் கண்ணியமான ஒரு காரணத்தைத் தேடினார்கள். பல பத்தாண்டுகள் நினைவுச் சின்னங்கள், நினைவுக் குறிப்புகள், பாடநூல் குழுக்கள் வழியாக அந்தக் காரணம் பரப்பப்பட்டது. பள்ளிப் பாடநூல்களில் அது நெடுங்காலம் நீடித்தது என்பதையும் உயர் வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லலாம்.

இங்கே தேவையான ஒரு வேறுபாடு உண்டு. தென் மாநிலங்கள் ஏன் பிரிந்தன என்பது ஒரு கேள்வி. வட மாநிலங்கள் ஏன் போரிட்டன என்பது வேறொரு கேள்வி. தெற்கு பிரிந்தது அடிமை முறையைக் காப்பதற்காக. வடக்கு 1861இல் படை திரட்டியதோ ஒன்றியத்தை, அதாவது எல்லா மாநிலங்களும் இணைந்த ஒரே நாட்டை, காப்பதற்காகவே; அடிமைகளை விடுவிப்பதற்காக அன்று. இரண்டாவது நோக்கம் எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தப் பாடத்தின் நடுப்பகுதி.

லிங்கன் பதவியேற்பதற்கு முன்பே மாநிலங்கள் ஏன் பிரிந்தன?

1860 நவம்பர் 6 அன்று நடந்த தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். லிங்கன் பெற்ற மக்கள் வாக்குகள் 40 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் தலைவரை முடிவு செய்யும் மாநிலவாரித் தேர்வாளர்களின் 303 வாக்குகளில் 180 அவருக்குக் கிடைத்தன. தெற்கில் பத்து மாநிலங்களில் அவருக்கு ஒரு வாக்குச்சீட்டுகூட அச்சிடப்படவில்லை. தெற்கின் வாக்கு ஒன்றுமில்லாமலேயே ஒருவர் நாட்டின் தலைவராக முடியும் என்ற உண்மையே அடிமை உடைமையாளர்களை அச்சுறுத்தியது. அடிமை முறை புதிய நிலப்பரப்புகளுக்குப் பரவக் கூடாது என்பது மட்டுமே லிங்கனின் கட்சி முன்வைத்த திட்டம்; இருக்கும் இடத்தில் அதைத் தொடமாட்டேன் என்று 1861 மார்ச் 4 அன்று ஆற்றிய பதவியேற்பு உரையிலும் அவர் உறுதி கூறினார். ஆனாலும் தென் கரோலினா 1860 டிசம்பர் 20 அன்றே பிரிந்திருந்தது. பிப்ரவரிக்குள் மேலும் ஆறு மாநிலங்கள் அதைப் பின்பற்றின. ஏப்ரல் 12 அன்று தென் கரோலினாவில் ஒன்றியப் படையிடமிருந்த சம்டர் கோட்டை மீது தென்கூட்டமைப்பின் படை குண்டு வீசியதும், 75,000 தொண்டர்களை லிங்கன் படைக்கு அழைத்தார். வர்ஜீனியா உள்ளிட்ட நான்கு மாநிலங்கள் அதன் பிறகே தெற்குடன் சேர்ந்தன.

அடிமை முறை இருந்தும் ஒன்றியத்திலேயே தங்கிவிட்ட மிசௌரி, கென்டக்கி, மேரிலாந்து, டெலவேர் ஆகிய நான்கு எல்லை மாநிலங்களை வரைபடத்தில் தனி நிறத்தில் காட்டுங்கள். அடுத்த கேள்விக்கு அது தேவைப்படும்.

விடுதலைப் பிரகடனம் ஒரே ஓர் அடிமையைக்கூட விடுவிக்கவில்லை என்று ஒரு மாணவர் சொன்னால் என்ன பதில் சொல்வது?

அந்த மாணவரைப் பாராட்டிவிட்டு, பாதி உண்மையை முழுமையாக்க உதவ வேண்டும். அடிமைகள் இனி விடுதலை பெற்றவர்கள் என்று அறிவித்து லிங்கன் 1863 ஜனவரி 1 அன்று வெளியிட்ட பிரகடனம் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. நான்கு எல்லை மாநிலங்களும், டென்னசி மாநிலமும், ஒன்றியப் படையின் கட்டுப்பாட்டில் ஏற்கெனவே இருந்த லூசியானா, வர்ஜீனியாவின் சில பகுதிகளும் அதில் சேர்க்கப்படவில்லை. போர்க்காலத்தில் தலைமைப் படைத்தளபதி என்ற முறையில் எதிரியின் வலிமையைக் குறைக்கும் நடவடிக்கையாக மட்டுமே குடியரசுத் தலைவர் இதைச் செய்ய முடியும் என்று லிங்கன் கருதினார். ஒன்றியத்தோடு நின்ற மாநிலங்களில் அந்த அதிகாரம் தமக்கு இல்லை என்பது அவர் எடுத்த சட்ட நிலை. ஆனால் "ஒருவரும் விடுதலை பெறவில்லை" என்பது தவறு. தென் கரோலினாவின் கடலோரத் தீவுகளைப் போல, ஒன்றியப் படை பிடித்திருந்தும் விலக்குப் பட்டியலில் சேராத இடங்களில் பல்லாயிரம் பேர் அன்றே சட்டப்படி விடுதலை பெற்றனர். அதன் பிறகு படை முன்னேறிய ஒவ்வோர் ஊரிலும் விடுதலையும் சேர்ந்தே முன்னேறியது.

பிரகடனத்தை ஒரே நாளின் அற்புதமாகக் காட்டாமல், அதற்கு முந்தைய இருபது மாதங்களை வரிசைப்படுத்திக் காட்டுவது மிக முக்கியம். 1861 மே மாதத்தில் பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் வர்ஜீனியாவில் மன்றோ கோட்டையிலிருந்த ஒன்றியப் படையிடம் தப்பி வந்து சேர்ந்தனர். அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்த தளபதி பெஞ்சமின் பட்லர், எதிரியின் போர்ப் பணிக்குப் பயன்பட்டவர்கள் என்பதால் அவர்களைப் பறிமுதல் செய்யத்தக்க பொருள்களாகக் கருதினார். மனிதரைப் பொருளாகக் கருதிய அதே சட்டத்தைக் கொண்டே விடுதலைக்கு வழி திறந்த இந்த ஏற்பாடு பரவியதும், நூற்றுக்கணக்கிலும் பின்னர் ஆயிரக்கணக்கிலும் குடும்பம் குடும்பமாக மக்கள் படை முகாம்களை நோக்கி நடந்தனர். அவர்களை என்ன செய்வது என்ற கேள்வியை வாஷிங்டனால் தள்ளிப்போட முடியாமல் போயிற்று. நாடாளுமன்றம் 1861 ஆகஸ்டிலும் 1862 ஜூலையிலும் பறிமுதல் சட்டங்களை இயற்றியது. 1862 ஏப்ரலில் தலைநகரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. இதே காலத்தில் பிரெமான்ட், ஹண்டர் என்ற இரு தளபதிகள் தங்கள் பகுதிகளில் தாமாகவே அடிமைகளை விடுவித்து ஆணையிட்டபோது, லிங்கன் அந்த ஆணைகளை நீக்கினார் என்பதையும் மறைக்கக் கூடாது.

1862 ஜூலை 22 அன்று பிரகடனத்தின் வரைவை அமைச்சரவைக்கு அவர் படித்துக் காட்டினார். ஒரு வெற்றிக்குப் பிறகு வெளியிடுவதே நல்லது என்ற அறிவுரையை ஏற்று, ஆன்டீட்டம் போர் முடிந்த பின் செப்டம்பர் 22 அன்று முன்னறிவிப்பை வெளியிட்டார். நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்தது இந்தப் பிரகடனம் அன்று; அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமே. அது மேலவையில் 1864 ஏப்ரலிலும், கீழவையில் 1865 ஜனவரி 31 அன்று 119க்கு 56 என்ற வாக்குகளிலும் நிறைவேறியது. டிசம்பர் 6 அன்று போதிய மாநிலங்களின் ஒப்புதல் கிடைத்தபோது லிங்கன் உயிருடன் இல்லை.

"ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடியுமானால் அதைச் செய்வேன்" என்று லிங்கன் எழுதியது உண்மையா?

உண்மை. நியூயார்க்கின் பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு 1862 ஆகஸ்ட் 22 அன்று அவர் எழுதிய கடிதத்தில் இந்த வரி உள்ளது. இதை மட்டும் எடுத்துக்காட்டி அவரைப் பாசாங்குக்காரர் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. வகுப்பில் மூன்று செய்திகளைச் சேர்த்து வைக்க வேண்டும். முதலாவது, எல்லா அடிமைகளையும் விடுவித்துத்தான் ஒன்றியத்தைக் காக்க முடியும் என்றால் அதையும் செய்வேன் என்று அதே பத்தி தொடர்கிறது. இரண்டாவது, எல்லா இடத்திலும் எல்லா மனிதரும் விடுதலையாக வாழ வேண்டும் என்ற தம் சொந்த விருப்பத்தில் மாற்றமில்லை என்று கடிதம் முடிகிறது. மூன்றாவது, இதை எழுதிய நாளில் பிரகடனத்தின் வரைவு அவரிடம் ஆயத்தமாக இருந்தது. எடுக்கப்போகும் முடிவுக்கு எல்லை மாநிலங்களையும் தயங்கும் வாக்காளர்களையும் அவர் பக்குவப்படுத்திக்கொண்டிருந்தார் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். என் கருத்தும் அதுவே. ஆனால் அந்த முடிவை மாணவர் தாமாக எட்டினால்தான் இந்தப் பயிற்சிக்குப் பயன் உண்டு.

லிங்கன் இனச் சமத்துவத்தை நம்பினாரா?

மிகுந்த நேர்மையுடன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. இலினாய் மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் 1858 செப்டம்பர் 18 அன்று மேலவைத் தேர்தலில் தம் எதிராளியான ஸ்டீபன் டக்ளஸுடன் நடந்த விவாதத்தில், வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் சமூக, அரசியல் சமத்துவம் ஏற்படுத்துவதை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை என்று அவர் சொன்னார். 1862 ஆகஸ்ட் 14 அன்று வெள்ளை மாளிகைக்கு அழைத்த கறுப்பினப் பிரதிநிதிகளிடம், உங்கள் மக்கள் இந்த நாட்டை விட்டு வேறெங்காவது குடியேறுவதே நல்லது என்று அறிவுரை கூறினார். அங்கே பிறந்து, அங்கேயே உழைத்துத் தேய்ந்த மக்களிடம் சொல்லப்பட்ட இந்தச் சொற்களை மழுப்பி விளக்க எந்தத் தேவையும் இல்லை.

ஆயினும் 1865 ஏப்ரல் 11 அன்று, மிகுந்த அறிவுடைய கறுப்பின ஆண்களுக்கும் படையில் பணியாற்றியவர்களுக்கும் வாக்குரிமை வழங்கப்படுவதை விரும்புகிறேன் என்று வெளிப்படையாக அறிவித்த முதல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரும் அவரே. அந்த உரையைக் கேட்டவர்களில் ஒருவரான ஜான் வில்க்ஸ் பூத் மூன்று நாள்களில் அவரைச் சுட்டார். 1858க்கும் 1865க்கும் இடையே என்ன நடந்தது? ஏறத்தாழ 1,79,000 கறுப்பினத்தவர் ஒன்றியத் தரைப்படையில் சேர்ந்து போரிட்டனர். கறுப்பின அடிமை ஒழிப்புத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் 1863 ஆகஸ்டில் வெள்ளை மாளிகைக்கே வந்து, கறுப்பின வீரர்களுக்குச் சம ஊதியம் கேட்டு வாதாடினார். 1864 ஏப்ரல் 4 அன்று எழுதிய ஒரு கடிதத்தில், நிகழ்ச்சிகளை நான் கட்டுப்படுத்தினேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், நிகழ்ச்சிகளே என்னைக் கட்டுப்படுத்தின என்று லிங்கன் ஒப்புக்கொள்கிறார். அந்த நிகழ்ச்சிகளை உருவாக்கிய மனிதர்களின் பெயர்களைத்தான் மாணவர்கள் அறிய வேண்டும்.

இதை மதிப்பிடுவதற்கு, அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவரான பிரெடரிக் டக்ளஸ் 1876 ஏப்ரல் 14 அன்று ஆற்றிய நினைவுரையை விடச் சிறந்த கருவி இல்லை. லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் தலைவரே என்று லிங்கனின் சிலைத் திறப்பு விழாவிலேயே அவர் சொன்னார். அடிமை ஒழிப்பாளர் நிலையிலிருந்து பார்த்தால் லிங்கன் மந்தமானவராகவும் அக்கறையற்றவராகவும் தோன்றினார் என்றும், அவர் காலத்து நாட்டு மக்களின் மனநிலையை அளவாகக் கொண்டால் விரைவும் உறுதியும் மிக்கவராகத் தெரிந்தார் என்றும் அதே உரையில் கூறினார். இரண்டு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு எதையும் கைவிடாத இந்த உரையைத் தமிழில் சுருக்கித் தந்தாவது வகுப்பில் வாசிக்க வேண்டும்.

கறுப்பின மக்களின் பங்கைக் காட்ட எந்த நிகழ்ச்சிகள் பொருத்தமானவை?

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 1862 மே 13 அதிகாலையில் 'பிளான்டர்' என்ற கப்பலைக் கைப்பற்றி, குடும்பத்தாரையும் உடன் பணிபுரிந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு, எதிரியின் பீரங்கிகளைக் கடந்து ஒன்றியக் கடற்படையிடம் சேர்த்த அடிமை மாலுமி ராபர்ட் ஸ்மால்ஸின் கதையை எட்டாம் வகுப்பு மாணவர்களும் மறக்க மாட்டார்கள். பின்னாளில் அவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். 1863 ஜூன் மாதத்தில் தென் கரோலினாவின் கம்பாகீ ஆற்றில் நடந்த படை நடவடிக்கைக்கு, தாமும் அடிமை நிலையிலிருந்து தப்பி வந்தவரான ஹேரியட் டப்மன் வழிகாட்டினார். 700க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விடுதலை பெற்றனர். அடுத்த மாதம் வாக்னர் கோட்டையைத் தாக்கிய மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவின் கறுப்பின வீரர்கள், வெள்ளை வீரர்களுக்கு 13 டாலரும் தங்களுக்குப் பிடித்தம் போக 7 டாலரும் தரப்பட்டபோது, குறைந்த ஊதியத்தைப் பெறவே மறுத்துப் பல மாதங்கள் ஊதியமின்றிப் போரிட்டனர்.

போர்க்களங்களைப் பற்றி எவ்வளவு கற்பிக்க வேண்டும்?

குறைவாக. ஒரே நாளில் ஏறத்தாழ 23,000 பேர் கொல்லப்பட்டும் காயமுற்றும் காணாமலும் போன ஆன்டீட்டம், 1863 ஜூலை முதல் வாரத்தில் அடுத்தடுத்துக் கிடைத்த கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க் வெற்றிகள், லிங்கனின் மறுதேர்தலைக் காப்பாற்றிய 1864 செப்டம்பரின் அட்லாண்டா வீழ்ச்சி ஆகியவை போதும். உயிரிழந்த வீரர்களின் எண்ணிக்கை நெடுங்காலமாக 6,20,000 என்று சொல்லப்பட்டு வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 2011இல் வெளியான ஆய்வு அதை 7,50,000 அளவில் மதிப்பிட்டது. குண்டுகளை விட நோயே அதிகம் பேரைக் கொன்றது என்பதை அவசியம் சொல்லுங்கள்.

கெட்டிஸ்பர்க் உரையை எப்படி வாசிப்பது?

மக்களால், மக்களுக்காக, மக்களே நடத்தும் ஆட்சி என்ற வரி, குடிமையியல் பாடத்தில் மக்களாட்சியின் இலக்கணமாக நம் மாணவர்களுக்கு முன்பே அறிமுகமாகியிருக்கும். அது 1863 நவம்பர் 19 அன்று, இறந்த வீரர்களின் உடல்களை எடுத்து மறு அடக்கம் செய்யும் பணி முடிவடையாத ஒரு கல்லறைத் திடலில் சொல்லப்பட்டது என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. ஏறத்தாழ 270 சொற்களே கொண்ட அந்த உரையின் முதல் வரி, 87 ஆண்டுகளுக்கு முன் இந்த நாடு பிறந்தது என்கிறது. 1863இலிருந்து 87ஐக் கழிக்கச் சொல்லுங்கள், 1776 வரும். அது பிரிட்டனிடமிருந்து விடுதலை அறிவித்த சாசனத்தின் ஆண்டு. அரசியலமைப்பு எழுதப்பட்டதோ 1787இல். அடிமை முறைக்கு இடம் கொடுத்த ஆவணத்தை விட்டுவிட்டு, எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற ஆவணத்திலிருந்து நாட்டின் வயதை லிங்கன் கணக்கிட்டது ஏன் என்று கேட்டால், உயர் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் பேச்சு நீளும்.

கெட்டிஸ்பர்க் உரை அடிமை முறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 1865 மார்ச் 4 அன்று ஆற்றிய இரண்டாம் பதவியேற்பு உரை அதைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, போருக்குக் காரணம் அதுவே என்பது எல்லோருக்கும் தெரியும் என்கிறது. சாட்டையால் சிந்திய ஒவ்வொரு துளி இரத்தத்துக்கும் வாளால் சிந்தும் இரத்தம் ஈடாகும் வரை போர் நீள்வது இறைவனின் விருப்பமானால் அதுவும் நீதியே என்று, வெற்றியின் வாசலில் நின்றுகொண்டு ஒரு நாட்டுத் தலைவர் தம் நாட்டின் முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்கு இதுவே அவருடைய தலைசிறந்த உரை. நேரம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால் இதையே தேர்ந்தெடுப்பேன்.

போர்க்காலத்தில் லிங்கன் சட்டத்தை மீறினார் என்பது சரியா?

1861 ஏப்ரலில், நாடாளுமன்றம் கூடாத நேரத்தில், பிலடெல்பியாவுக்கும் வாஷிங்டனுக்கும் இடைப்பட்ட வழித்தடத்தில் ஆட்கொணர்வு மனு உரிமையை நிறுத்தி வைக்க அவர் அதிகாரம் அளித்தார். அந்த அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது என்று தலைமை நீதிபதி ரோஜர் டானி, மெரிமன் என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்தும் லிங்கன் பணியவில்லை. ஒரு சட்டத்தைக் காப்பதற்காக மற்ற எல்லாச் சட்டங்களையும் அரசையும் இழப்பதா என்று நாடாளுமன்றத்திடம் கேட்டார். 1863இல் நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தை அவருக்குச் சட்டப்படி வழங்கியது. சிவில் நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் குடிமக்களைப் படை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று 1866இல் மில்லிகன் வழக்கின் தீர்ப்பு வந்தது. நெருக்கடி நிலை என்றால் என்ன என்பதை அறிந்த இந்திய மாணவர்களுக்கு இந்தக் கேள்வி அயலானது அன்று. மறுபுறம், போரின் நடுவே, தோற்றுவிடுவோம் என்று தாமே எண்ணிய நிலையிலும், 1864ஆம் ஆண்டுத் தேர்தலை அவர் தள்ளிப்போடவில்லை என்பதையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

மின்னசோட்டாவில் எழுச்சி செய்த டகோட்டா பழங்குடி மக்களில் 303 பேருக்குப் படை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தபோது, லிங்கன் ஆவணங்களைத் தனித்தனியே ஆராயச் செய்து பெரும்பாலோரின் தண்டனையை நிறுத்தினார். எஞ்சிய 38 பேர் 1862 டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ நகரில் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டனர். சில நிமிடங்களே நீடித்த விசாரணைகளின் அடிப்படையில் நடந்தது இது. கருணை, கொடுமை என்ற ஒற்றைச் சொல்லில் இதை அடக்கிவிட வேண்டாம்.

லிங்கன் தம் மகனின் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தை வகுப்பில் வாசிக்கலாமா?

தமிழ்நாட்டுப் பள்ளிச் சுவர்களிலும் ஆசிரியர் தின மலர்களிலும் பலமுறை அச்சாகியுள்ள அந்தக் கடிதத்தை லிங்கன் எழுதினார் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. அவருடைய எழுத்துகளைத் திரட்டி 1953இல் எட்டுத் தொகுதிகளாக வெளியிடப்பட்ட பதிப்பில் அது இடம்பெறவில்லை. அவர் குடியரசுத் தலைவரானபோது மூத்த மகன் ராபர்ட் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தார். இளைய மகன்களுக்கு வெள்ளை மாளிகையிலேயே பாடம் நடந்தது. கடிதத்தின் கருத்துகள் நல்லவை என்பதற்காக அவற்றை அவர் பெயரில் ஏற்றுவது வரலாற்று வகுப்பில் தகாது. இந்தக் கடிதத்தையும் கிரீலிக்கு எழுதிய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓர் ஆவணம் உண்மையானது என்று எப்படி அறிகிறோம் என்ற பாடமாகவே மாற்றிவிடலாம்.

தோல்விமேல் தோல்வி கண்டு இறுதியில் குடியரசுத் தலைவரானார் என்ற பட்டியலும் இத்தகையதே. 1832இல் சட்டமன்றத் தேர்தலில் தோற்றதைச் சொல்லும் அந்தப் பட்டியல், 1834இலிருந்து தொடர்ந்து நான்கு முறை வென்றதையும், நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதையும், இலினாயில் பெயர் பெற்ற வழக்கறிஞராக விளங்கியதையும் விட்டுவிடுகிறது.

நம் நாட்டோடு இந்தப் போருக்குத் தொடர்பு உண்டா?

உண்டு, பருத்தி வழியாக. போருக்கு முன் பிரிட்டனின் நூற்பாலைகளுக்குத் தேவையான பருத்தியில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் அமெரிக்காவிலிருந்து சென்றது. தென் துறைமுகங்களை லிங்கன் முற்றுகையிட்டதும் லங்காஷயர் ஆலைகள் முடங்கின. இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. பம்பாய் வணிகர்கள் பெரும் செல்வம் திரட்டினர். திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்தியும் தூத்துக்குடி வழியே கப்பலேறியது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. பருத்தியை நம்பிக் கடன் வாங்கிய தக்காண விவசாயிகளின் துயரம் 1875ஆம் ஆண்டின் கலவரங்களுக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. சிந்தனை வழியாகவும் ஒரு தொடர்பு உண்டு: ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். சாதிக்கும் அடிமை முறைக்கும் ஒப்புமை உண்டா என்று மாணவர் கேட்டால், அந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர்களுள் ஒருவராக புலேயை அறிமுகப்படுத்தலாம்.

பாடத்தை எங்கே முடிப்பது? நேரம் மிகக் குறைவாக இருந்தால்?

1865 ஏப்ரல் 14 இரவு, லிங்கன் சுடப்பட்ட போர்டு நாடக அரங்கில் முடிக்க வேண்டாம். படுகொலையோடு முடித்தால் ஒரு தியாகியின் மரணத்தால் கணக்கு தீர்ந்தது என்ற எண்ணம் மாணவர் மனத்தில் தங்கிவிடும். குடியுரிமை தந்த 14ஆம் திருத்தம் 1868இலும், வாக்குரிமையில் இனவேறுபாட்டைத் தடுத்த 15ஆம் திருத்தம் 1870இலும் வந்தன; அதே ஆண்டில் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் நாடாளுமன்ற மேலவைக்குச் சென்றார். 1877இல் தெற்கில் கறுப்பினத்தவரின் உரிமைகளைக் காத்துநின்ற ஒன்றியப் படைகள் விலகிக்கொண்டதும், வன்முறையாலும் சட்டத் தந்திரங்களாலும் அந்த உரிமைகள் பறிக்கப்பட்டன. அந்த ஆண்டு வரை சென்றால்தான் பாடம் நிறைவு பெறும்.

இரண்டு பாடவேளைகளே உண்டு என்றால், முதல் வேளையில் 1860ஆம் ஆண்டின் எண்களையும் மிசிசிப்பியின் அறிக்கையையும் வைத்துப் போரின் காரணத்தை முடியுங்கள். இரண்டாம் வேளையில் 1858 விவாதம், 1862 ஆகஸ்டின் கடிதம், 1863 பிரகடனம், 1865 மார்ச் உரை, 1865 ஏப்ரல் உரை ஆகிய ஐந்திலிருந்தும் ஓரிரு வரிகளைத் தேதி இல்லாமல் அச்சிட்டுக் கொடுத்து, மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துக் கால வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடைவெளியிலும் யார் என்ன செய்ததால் அடுத்த வரி சாத்தியமாயிற்று என்பதை அவர்கள் எழுத வேண்டும். மதிப்பெண்ணையும் அந்த இடைவெளிகளில் எழுதியதற்கே கொடுங்கள்.